மாற்றுச் சாவி

எங்கள் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் ஓர் அறை இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு சோபா, ஜன்னலுக்குத் தடித்த திரை, கண்ணைக் கட்டிக்கொள்ளக் கறுப்புத் துணி. எந்த மாத்திரைக்கும் மனச்சோர்வு தீராதவர்களுக்கு இங்கேதான் போதைக் காளானிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆராய்ச்சிதான், கடைக்கு இன்னும் வரவில்லை. "இதையே வெளியில பாக்கெட்ல வச்சிருந்தா ஜெயிலு, உள்ள வந்து முழுங்கினா வைத்தியம்" என்பார் வாசல் காவலாளி. மருந்து சாப்பிட்டவர் பக்கத்தில் அதன் வேகம் இறங்கும்வரை உட்கார்ந்திருப்பது என் வேலை. ஆண் நர்ஸ் என்பதால் எல்லோருக்கும் நான் பிரதர்.

அன்று வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வயது. நான்கு வருடமாக வேலையும் இல்லை, நல்ல தூக்கமும் இல்லை. லிஃப்ட் இருந்தும் மூன்று மாடியும் படியேறித்தான் வந்தார். கூட வந்தது அவருடைய அக்கா. அக்காவின் புருஷனும் அதே கம்பெனியில் வேலை பார்த்தவர். லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தபோது மேலிருந்து லிஃப்ட் வந்து நசுக்கிச் செத்துப்போனார்.

"அதுலேருந்து இவன் இப்படித்தான் பிரதர். புருஷனைப் பறிகொடுத்தவ நானு, படுத்துக்கிட்டவன் இவன்" என்று அக்கா சிரிக்கப் பார்த்தார்.

மருந்து அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி டாக்டரிடம், ஒன்று என்னிடம். இரண்டு பேரும் நின்றால்தான் திறக்க முடியும். மெக்கானிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சாவியா? நல்ல பழக்கம்" என்றார். சொன்னதும் முகம் செத்துவிட்டது.

விதிகளைப் படித்துக் காட்டினேன். கூட வந்தவர் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனால்தான் வீட்டுக்குப் போகலாம். பதினாலு நாளைக்குப் பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது.

"வேலையை விடறது, வீட்டை விக்கிறது, கல்யாணம் பண்றது..."

"கல்யாணமா? பிரதர், நீங்க முதல்லயே ஒண்ணு முழுங்கிட்டீங்களா?"

ஒன்பதரைக்கு விழுங்கினார். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. "தேதி முடிஞ்சுபோன சரக்கான்னு பாருங்க" என்று முனகினார். பிறகு பேச்சு நின்றது. கட்டிய கண்ணோடு படுத்தபடி, வலது கையின் இரண்டு விரலால் காற்றில் எதையோ திருப்ப ஆரம்பித்தார். சாவி திருப்புகிற மாதிரி. திருப்புவார், கையை உதறுவார், மறுபடி திருப்புவார்.

"மச்சான், கீழயா இருக்கீங்க?" என்று கூப்பிட்டார். "மேல வந்துடுங்க மச்சான்."

நான் எதுவும் கேட்கக் கூடாது. கையைப் பிடிக்கலாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். பிடித்துக்கொண்டேன். தலையணை நனைந்தது.

மூன்று மணிக்குத் துணியை அவரே அவிழ்த்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். குரல் தெளிவாக இருந்தது.

"குழியில இறங்கறவன் மெயின் சுவிட்சை அணைச்சுட்டு, அதுல தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்கிட்டயே வச்சுக்கணும் பிரதர். அவன் ஏறி வந்து அவனே திறக்கணும். மாற்றுச் சாவி மேஸ்திரிகிட்ட இருக்கும். ஆளைக் கண்ணால பாத்தப்புறம்தான் அதை எடுக்கலாம். அன்னிக்கு நான்தான் மேஸ்திரி. மச்சான் டீ குடிக்கப் போயிருப்பார்னு நெனச்சேன். ஒரு குரல் கூடக் கொடுக்கல. திறந்து மெயினைப் போட்டுட்டேன்."

"அந்தப் பூட்டு என்ன ஆச்சு?" நான் கேட்டிருக்கக் கூடாது.

"அவர் பையில போட்டுட்டேன். பூட்டுப் போட மறந்துட்டு இறங்கிட்டார்னு கம்பெனியில எழுதிட்டாங்க. நான் வாயே திறக்கல." எழுந்து உட்கார்ந்தார். "அக்காவைக் கூப்பிடுங்க."

பதினாலு நாள் விதியைச் சொன்னேன். டாக்டரை அழைத்தேன். அவர் ரத்த அழுத்தம் பார்த்தார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். மெக்கானிக் தப்பில்லாமல் குறைத்தார்.

"இன்னிக்கு வேணாம்னுதான் நான் சொல்வேன்" என்றார் டாக்டர்.

"இன்னிக்கு விட்டா நாளைக்கு நான் பழைய கோழைதான் டாக்டர்."

காலையிலிருந்து வராந்தா பெஞ்சில் இருந்த அக்கா உள்ளே வந்தார். கையில் தம்பியின் செருப்பு. தம்பி எழுந்து நின்று, எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார்.

அக்கா என்னைப் பார்த்தார். "இது மருந்து பேசுதா பிரதர், இவன் பேசறானா?"

"இல்லாததைப் பேச வைக்குமா, உள்ள இருக்கறதை வெளிய எடுக்குமான்னு எங்களுக்கே முழுசாத் தெரியாதும்மா."

அவர் தம்பி பக்கம் திரும்பினார். "பையில எங்க போட்ட?"

"பக்கத்து ஜிப்புல. சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில."

அக்கா சோபாவில் உட்கார்ந்தார். "அவர் எப்பவும் பூட்டை இடுப்பு பெல்ட்லதான் மாட்டுவார். பைக்குள்ள எப்படி வந்துச்சுன்னு நாலு வருஷமா யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

கையிலிருந்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அவர் மறக்கல" என்றார். பிறகு இன்னும் உரக்க, "அவர் மறக்கலடா! தினமும் அவர் போட்டோவைப் பாத்துத் திட்டுவேன். ஒரு பூட்டுப் போட மறந்து எங்களை நடுத்தெருவுல விட்டுட்டியேன்னு. 'அப்பா கவனமில்லாதவராம்மா'ன்னு மக கேட்டப்ப ஆமான்னு சொல்லிட்டேன்டா, பாவி."

"அக்கா..."

"பேசாத."

கையெழுத்துத் தாள் மேஜைமேல் கிடந்தது. நான் நீட்டவில்லை. அரைமணி நேரம் கழித்து அக்காவே பேனா கேட்டார்.

"என்னமோ பதினாலு நாள்னு சொன்னீங்களே பிரதர்?"

"ஆமாம்மா."

"நல்லது. பதினாலாம் நாள் இதையே இவன் என் மக முன்னாடி நின்னு சொல்லணும். அப்புறம் கம்பெனியில எழுதிக் கொடுக்கணும். அதுவரைக்கும் என் வீட்டுல சோறு உண்டு, பேச்சு கிடையாது. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுடாதீங்க."

கையெழுத்துப் போட்டார். செருப்பைத் தம்பியின் காலடியில் வைத்தார்.

நான் பூட்டைப் பற்றிக் கேட்டதையும் சேர்த்து அறிக்கையில் எழுதிவிட்டு வெளியே வந்தேன். அக்கா லிஃப்ட் பக்கம் போகவில்லை. படியில் முன்னால் இறங்கினார், திரும்பிப் பார்க்காமல். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். பின்னால் தம்பியின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்த பிறகுதான் அடுத்த படியில் கால் வைத்தார்.