பட்டியல் காலியாக இருந்தால்

அம்மாவும் அண்ணியும் நேருக்கு நேர் பேசி மாதக்கணக்காகிறது. சண்டை என்று ஒன்றும் இல்லை. கணக்கர் வேலையை விட்டுவிட்டு டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கப் போவதாக அண்ணி சொன்னாள். அம்மா "நல்லா இருக்கு" என்றாள். அம்மாவின் வாயிலிருந்து வரும் "நல்லா இருக்கு"வுக்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றிலிருந்து எல்லாம் சாடைப் பேச்சுதான். "இந்த வீட்ல யாருக்குத் தலைவலி வந்தா யாருக்கென்ன" என்று அம்மா குக்கரிடம் சொல்வாள். அண்ணி துணி மடிக்கிற வேகத்திலேயே பதில் சொல்லிவிடுவாள்.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் அம்மாவின் கடைக்குட்டி மகள். வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். தொழில், இணையப் பக்கங்கள் செய்வது. டயர் கடை மாடியில் அண்ணி பிடித்திருந்த அறையில் வெள்ளிக்கிழமை மாலை முதல் வகுப்பு. பழைய அலுவலகத்தில் அண்ணியின் நாற்காலியை அதுவரை காலியாக வைத்திருந்தார்கள். "ஒருத்தர்கூடச் சேரலைன்னா மறுநாளே போய் அங்க உட்கார்ந்துடுவேன்" என்று அண்ணி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

வகுப்புக்கான பக்கத்தைச் சின்னவள் ஆசை ஆசையாகச் செய்தாள். சேர்கிறவர்களின் பெயரும், ஏன் கற்க விரும்புகிறார்கள் என்ற பதிலும் ஒரு பட்டியலில் வந்து சேரும். பக்கத்துக்கு அச்சு மாதிரி இருக்கும் டெம்ப்ளேட் அந்தப் பட்டியலை முதலிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பெயராகப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போகும். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே, அதனால் தக்காளி, வெண்டைக்காய், முட்டைக்கோஸ் என்று பட்டியலில் போட்டாள். மூவரும் டிரம்ஸ் கற்கச் சேர்ந்துவிட்டதாகப் பக்கம் பெருமையோடு காட்டியது. பட்டியல் காலியாக இருந்தால் எதைக் காட்டுவது என்று சொல்லவும் அந்த டெம்ப்ளேட்டில் ஓர் இடம் உண்டு. நல்லதாகப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று, அங்கே கைபோன போக்கில் எதையோ தட்டி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை காய்கறிகளை அழித்தாள், பக்கத்தை வெளியிட்டாள், லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறினாள். காய்கறிகள் போனால் பட்டியல் காலி என்பது, தினமும் இதே வேலையைச் செய்கிறவளுக்கு உறைக்கவே இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவள் ஆனைகூட இல்லை.

பஸ் பாதி வழி போயிருக்கும், அம்மா போன் செய்தாள்.

"ஏண்டி, என்னத்தைடி எழுதி வச்சிருக்கே?"

"எதைம்மா?"

அம்மா நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "'இன்னும் ஒருத்தரும் வரலை. டீச்சர் ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்க. யாராவது வந்து காப்பாத்துங்க.' ஆளாளுக்கு அனுப்பிச் சிரிக்கிறாங்க. எனக்கே நாலு பேர் அனுப்பிட்டாங்க."

சின்னவள் ஓடுகிற பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டாள். "லேப்டாப் வீட்ல இருக்கும்மா. நான் வந்துதான் மாத்தணும்."

"நானே அழிக்கிறேன். எந்த பட்டன்?"

"அது உன்னால முடியாதும்மா. பட்டியல்ல ஒரு பேர் வந்தாத்தான் போகும். ஒரே ஒரு பேர் வந்தாப் போதும், அந்த வரி தானா மறைஞ்சிடும்."

 அம்மா சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

சின்னவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நின்றாள். பயந்துகொண்டே போனில் பக்கத்தைத் திறந்தாள். அந்த வரி இல்லை. அது இருந்த இடத்தில் ஒரே ஒரு பெயர், தலைப்பெழுத்தோடு முழுசாக இருந்தது. அம்மாவின் பெயர். 'ஏன் கற்க விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்கு எதிரே, 'என் மருமகள் சும்மா உட்கார்ந்திருக்கிறவள் இல்லை' என்று எழுதியிருந்தது.

சின்னவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் நின்றவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இன்னொரு பெயர் விழுந்தது. ஒரு பல் டாக்டர்; 'காலையிலேயே சிரிக்க வைத்ததற்காக.' அப்புறம் ஒரு தபால்காரர். அப்புறம் பழைய அலுவலகத்திலிருந்தே ஒருத்தி. அந்த டெம்ப்ளேட்டைப் போல ஒரு சமர்த்து கிடையாது. வந்தவர்களையெல்லாம் அலுக்காமல் எழுதிக்கொண்டே போனது.

மாலையில் டயர் கடை மாடியில் நிற்க இடமில்லை. அண்ணி சின்னவளை ஓரமாக இழுத்தாள். "அத்தை பேரைப் போட்டது யாரு? உங்க அண்ணன் வேலையா?"

பதில் சொல்வதற்குள் அம்மாவே படியேறி வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. குக்கரையும் சுவரையும் பார்த்துப் பேசிப் பழகியவள், நேரே மருமகள் முகத்தைப் பார்த்தாள்.

"பேர் கொடுத்தாச்சு. கொடுத்துட்டு வராம இருந்தா மரியாதை இல்லை. எதை அடிக்கணும்?"

அண்ணி அம்மாவின் கையில் குச்சியைக் கொடுத்து, ஒரு டிரம்மைக் காட்டினாள். "இதை, அத்தை. மெதுவா."

மெதுவாக என்பது அம்மாவுக்குப் பழக்கமில்லாத காரியம். முதல் அடிக்கே, டயர் வெடித்துவிட்டதென்று கீழேயிருந்து கடைக்காரர் ஓடி வந்தார். அடுத்த அடியில் அம்மாவின் முகம் மலர்ந்தது. அம்மாவுக்கு இப்படி ஒரு முகம் இருப்பதே சின்னவளுக்கு அதுவரை தெரியாது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அண்ணி படிக்கட்டு முனைக்குப் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் சொன்னாள்: "அந்த நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடுங்க சார். இல்ல சார், சத்தம் எங்க வகுப்புலதான்."

திரும்பி வந்து கையை நீட்டினாள். "அத்தை, குச்சியைக் கொடுங்க. இத்தனை பேர் காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும்" என்றாள் அம்மா. "முதல் பேர் என்னோடது." குச்சியை மறுபடி ஓங்கினாள்.