காரணம்: ஓய்வு

2025 ஜனவரி 20, திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, கேரளத்தில் சின்னக்கானலுக்கு அருகே ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிவிஷன் ஆபீசில், கொழுந்தெடுக்கும் தொழிலாளி மாரீஸ்வரி, வயது 49, பதிவு எண் 214, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஆறு நாள் லீவு கேட்டு விண்ணப்பம் கொடுத்தாள். அன்று புல்லில் உறைபனி விழுந்திருந்தது.

அந்த உறைபனியைப் பார்ப்பதற்காகவே அந்த வாரம் சுற்றுவட்டாரத்து ரிசார்ட்டுகள் எல்லாம் நிரம்பியிருந்தன. கொச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் காதை மூடிய குல்லாவோடு ரோட்டோரம் நின்று, வாயைத் திறந்து ஆவி விட்டு, அதைப் படம் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை ஜீப்பில் ஏற்றி மலை உச்சிக்குக் கொண்டுபோய், சூரியன் உதிப்பதைக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவது மாரீஸ்வரியின் புருஷன் சுடலைமணியின் வேலை. ஜீப் வேறொருவருடையது. வீடு எஸ்டேட்டுடையது. மாரீஸ்வரியின் பேர் பதிவில் இருக்கிற வரைக்கும்தான் அந்த வரிசை வீட்டில் அவர்கள் இருக்கலாம். பேர் போனால் வீடும் போகும். மலையில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும் என்பதால் யாரும் இதைப் பேசுவதில்லை.

இருபத்தெட்டு வருஷத்தில் மாரீஸ்வரி லீவு போடாமல் இல்லை. கல்யாணத்துக்குப் போட்டிருக்கிறாள், பிரசவத்துக்குப் போட்டிருக்கிறாள், ஊர்க்கோயில் கொடைக்குப் போட்டிருக்கிறாள். வேறு காரணம் கிடைக்காதபோது போடியில் இருந்த பெரிய மாமியார் சுருளியம்மாள் இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அப்படி மூன்று முறை எழுதியாகிவிட்டது. சுருளியம்மாள் எண்பது வயதில் நல்ல திடமாக இருந்தாள்.

இந்த முறை யாருக்கும் கல்யாணம் இல்லை, யாரும் சாகவும் இல்லை. மாரீஸ்வரிக்கு வெயிலில் உட்கார வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். மூன்று மாதமாக விரல் நுனி வெளுத்து, நனைந்த துணி காயாமல், கம்பளிக்குள்ளும் காலுக்குச் சூடு வராமல் கிடந்ததில் ஒருநாள் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது; வந்தது போகவில்லை. தங்கை ஆனந்தியைக் கட்டிக்கொடுத்த, கோயம்புத்தூர்ப் பக்கத்து வேலந்தாவளத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மொட்டை மாடியும் உண்டு.

சூப்பர்வைசர் வேல்முருகன் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தான்.

"என்னக்கா, ஓய்வுன்னு எழுதியிருக்க?"

"ஓய்வுதான்."

"எதுக்கு?"

"ஓய்வுக்கு எதுக்குன்னு எப்படிச் சொல்ல?"

"பேசாம உங்க பெரிய மாமியாரையே போட்டிருக்கலாம்ல. அவுக ஒன்னும் வருத்தப்படப் போறதில்ல."

"நாலாவது தடவையும் அவுகளக் கொல்லணுமாக்கும். இதாவது நிஜமா இருக்கட்டும் தம்பி."

வேல்முருகன் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பினான். உள்ளே கிளார்க் ஜிபி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். தொடுபுழாக்காரன், வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டி வாசிக்கவும் பழகிக்கொண்டிருந்தான். நல்ல பையன், ஆர்வம் உள்ளவன். மாரீஸ்வரியின் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தான்.

"ஓ... ய்... வு. ஒழிவு, அல்லே சேச்சி?"

மலையாளத்துக்காரர்கள் எல்லாச் சொல்லையும் கொஞ்சம் வளைத்துத்தான் சொல்வார்கள் என்று மாரீஸ்வரிக்குத் தெரியும்.

"ஆமா, அதேதான்," என்றாள்.

முந்தின வருஷம் வரை லீவுக் காரணத்தை நோட்டில் எழுதினார்கள். என்ன வேண்டுமானாலும் எழுதலாம். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதில் மலையாளத்தில் இருந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று: நோய், கல்யாணம், மரணம், திருவிழா, ஒழிவு. 'மற்றவை' என்று ஆறாவதாக ஒன்று இருந்தது. எல்லாரும் அதையே போட்டதால் எடுத்துவிட்டார்கள். ஜிபி ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தான். அவள் எழுதியதும் அதுதான், கேட்டபோது ஒப்புக்கொண்டதும் அதுதான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. மலையாளத்தில் ஒழிவு என்றால் காலியிடம்; வேலையை விட்டே போகிறவர்களுக்குப் போடுவது.

ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போய், சாயங்காலம் வேலந்தாவளத்தில் இறங்கினாள். இறங்கின இடத்திலேயே சால்வையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் பாயை விரித்து உட்கார்ந்தாள். பத்து மணிக்குத் திரும்பி முதுகைக் காட்டினாள். பதினொரு மணிக்குக் காலை நீட்டினாள். பக்கத்தில் ஆனந்தி மோர் மிளகாய் உலர்த்தியிருந்தாள். இரண்டும் ஒரே வேகத்தில் காய்ந்தன.

ஆனந்தி இருபது வருஷம் முன்பு வந்தவள். பேச்சு முழுக்க அந்த ஊருக்கு மாறிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, மாமாகூட எதாச்சும் சண்டைங்களா?"

"இல்லயே."

"ஒடம்புக்கு எதாச்சும்?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"அப்பறம் எதுக்குக்கா வந்தீங்க?"

"வெயில் காய."

ஆனந்தி தண்ணீர்ச் சொம்பை அருகே நகர்த்தி வைத்தாள். "சரிங்க்கா. சொல்லோணும்னு தோணும்போது சொல்லுங்க," என்றாள்.

சாயங்காலத்துக்குள் தெருவில் மூன்று வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி, எல்லா ஆம்பளைகளும் அப்படித்தான், மனசை விட்டுவிடக் கூடாது என்றாள். இன்னொருத்தி சுக்கும் கருப்பட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். மாரீஸ்வரி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள். விளக்கம் சொல்வதும் ஒரு வேலைதான். அவள் லீவில் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆனந்தியின் புருஷன் ஜெகன் அவளை மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போனான். அவனுக்கு அங்கே மூக்கணாங்கயிறும் மணியும் விற்கிற கடை இருந்தது. மாரீஸ்வரி கடையில் உட்காரவில்லை. மாடுகளுக்கு நடுவே நடந்தாள். ஒரு தரகர் அவளைப் பார்த்ததும் எருமையின் வாயைப் பிளந்து காட்டினார்.

"பாருங்கம்மிணி. நாலு பல்லு. உங்கூட்டுக்குன்னே பொறந்ததுங்க."

மாரீஸ்வரி குனிந்து நிதானமாகப் பார்த்தாள். எருமைப் பல்லை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பல்லு சரியில்லயே," என்றாள்.

தரகர் திகைத்தார். தாமே ஒருமுறை குனிந்து பார்த்தார். அவள் அடுத்த மாட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் பதினொரு மாடுகளைப் பார்த்து, நடையில் ஒன்று, கொம்பில் ஒன்று, பார்வையில் ஒன்று என்று பதினொன்றிலும் குறை சொல்லியிருந்தாள். சந்தையில் அவளுக்குப் பின்னால் நான்கு தரகர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருஷமாகத் தன் கூடையில் இலை முத்தல், காம்பு நீளம் என்று குறை கேட்டே பழகியவளுக்கு அந்த முற்பகல் மிகவும் பிடித்திருந்தது.

"ஏனுங்க்கா, மாடு வாங்கறீங்களா?" என்று ஜெகன் கவலையோடு கேட்டான்.

"இல்ல. சும்மா பாத்தேன்."

"தரகருங்கெல்லாம் உங்களப் பெரிய ஏவாரின்னு பேசிக்கறாங்க."

"பேசட்டும்," என்று இளநீரை வாங்கிக் குடித்தாள்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு, அவள் மாடியில் குப்புறப் படுத்திருந்தபோது, சுடலைமணி போன் செய்தான்.

"ஏட்டி, நீ வேலைய விட்டுட்டியாமே?"

"யாரு சொன்னா?"

"ஆபீசுல சொல்லுதாக. கம்ப்யூட்டர்ல உன் பேருக்கு நேரா காலியிடம்னு வருதாம். நம்ம வீட்டைச் சிலுவைராஜுக்கு எழுதியாச்சாம். சீட்டோட வந்து அடுக்களைய அளந்துட்டு இருக்கான்."

சிலுவைராஜ் மேல் வரிசையில் இருப்பவன். அவன் வீட்டுக் கூரை நான்கு வருஷமாக ஒழுகியது. காத்திருப்போர் பட்டியலில் அவன் பேர்தான் முதலில்.

"எதுக்கு அளக்கான்?"

"அவன் பீரோ நுழையுமான்னு பாக்கான்."

"நுழையுதா?"

"நிலைக்கதவைக் கழத்தணும்ங்கான்."

"நீ என்ன பண்ணுத?"

"டீ போட்டுக் குடுத்தேன். நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? வேலைய விடுதவ புருஷங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா?"

"நான் விடலய்யா."

"ஆபீசுல சொல்லுதாகளே."

மாரீஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். போனை வைத்துவிட்டு ஜிபி சொன்ன அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் முறை அவளுக்கு விளங்கிவிட்டது.

அரை மணி கழித்து வேல்முருகன் கூப்பிட்டான். அவன் குரல் மிக மரியாதையாக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, என்னமோ தப்பு நடந்துபோச்சு. நீங்க நாளைக்கே வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம்."

"எதுல கையெழுத்து?"

"ஒரு தாளு வந்திருக்கு. அதுல போட்டாத்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகுமாம்."

"என்ன தாளு?"

"வாசிச்சேன். வீட்டை ஒப்படைக்கிறதுன்னு மேல போட்டிருக்கு. கீழ என்னவோ இருக்கு. போட்டுட்டு அப்பறமா சரி பண்ணிக்கிடலாம்னு ஜிபி சொல்றான்."

மாரீஸ்வரி யோசித்தாள். ஒரு கையெழுத்துதான் என்று சொல்லி எஸ்டேட்டில் நீட்டப்பட்ட தாள்கள் ஒவ்வொன்றும் அவளுக்கு ஞாபகம் இருந்தன.

"தம்பி, நான் இப்ப லீவுல இருக்கனா, வேலைய விட்டுட்டனா?"

"அதான்க்கா தெரியல."

"லீவுல இருந்தா நான் வரவேண்டியதில்ல. ஆறு நாளுக்கு நீயே கையெழுத்துப் போட்டிருக்க."

"சரி."

"வேலைய விட்டிருந்தா நீ என்னைக் கூப்பிடவே முடியாது. நான் உன் ஆளு இல்ல."

வேல்முருகன் தாளைத் திருப்பிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"அதுவும் சரிதான்க்கா," என்றான்.

"திங்கக்கிழமை வாரேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்குப் பிறகு வெயில் முன்போல உள்ளே இறங்கவில்லை. வியாழக்கிழமையும் பாயை விரித்தாள், பத்து மணிக்குத் திரும்பினாள், பதினொரு மணிக்குக் காலை நீட்டினாள். ஆனால் கண்ணை மூடினால் அடுக்களை தெரிந்தது. சிலுவைராஜ் அளந்த சுவரில் அவளே அடித்த நீலச் சாயம் தெரிந்தது. வீடு போனால் போவதற்கு இன்னொரு வீடு எந்த ஊரிலும் இல்லை. அதை எண்ணிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எண்ணி முடித்த பிறகு நாள் முழுக்க மீதி இருந்தது. பஸ் ஏறிவிடலாம் என்று இரண்டு முறை பையை எடுத்தாள். ஏறினால் தாளை நீட்டுவார்கள், நீட்டினால் போட்டுவிடுவோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். பையைத் திரும்ப வைத்தாள். ஆனந்தி இதையெல்லாம் பார்த்துவிட்டு, மாமாவோடு சண்டைதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து வராததால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாரீஸ்வரி வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் தார்ப்பாய் போர்த்திய பீரோ ஒன்று நின்றது. அதன் அருகே ஸ்டூலில் சிலுவைராஜ் உட்கார்ந்திருந்தான். உள்ளே அவன் பெண்டாட்டி சந்தனமேரி சுடலைமணிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. வெயிலெல்லாம் எப்படி?" என்றான் சிலுவைராஜ்.

"நல்ல வெயில். பீரோவை எதுக்கு இப்பவே கொண்டாந்த?"

"அங்க இருந்தா நனையும்லக்கா. சீட்டு குடுத்துட்டாக. நான் கேக்கல."

"நான் வேலைய விடல சிலுவ."

"தெரியும்க்கா. நீங்க விடுத ஆளா? ஆனா சீட்டுல அப்படித்தான் இருக்கு." அவன் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, அவள் பார்ப்பதற்குத் தோதாகப் பிரித்துப் பிடித்தான். நான்கு வருஷம் காத்துக் கிடைத்த சீட்டு, கையில் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை, பிப்ரவரி 3, காலை ஏழே முக்கால் மணிக்கு அவள் ஆபீசில் இருந்தாள். ஜிபியின் முகம் கறுத்துப்போயிருந்தது. ஓய்வுக்கு மலையாளத்தில் விஸ்ரமம் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"சோரி சேச்சி. எனக்கு அறியில்லாயிருந்து. காரணத்தை மாத்தினா போதும், எல்லாம் பழைய போல ஆகும். ஆனா விஸ்ரமம்னு இதில் இல்ல. பாக்கி நாலில் ஒண்ணு வேணும்."

"நோய் போடு."

"டாக்டர் சீட்டு வேணும்."

"கல்யாணம்."

"பத்திரிகை வேணும்."

"திருவிழா?"

"ஜனவரி இருபத்தேழுக்கு ஒரு கோயிலும் இல்ல சேச்சி. ஞான் நோக்கி."

"மரணத்துக்கு என்ன கேக்கும்?"

ஜிபி திரையைப் பார்த்தான். "ஒண்ணும் கேக்கில்ல. பேரும் பந்தமும் மட்டும்."

வேல்முருகன் வாசல் பக்கம் நின்று தொண்டையைச் செருமினான். மாரீஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேரையும் உறவையும் சொன்னாள். ஜிபி எழுத்துப் பிசகாமல் இருக்க இரண்டு முறை கேட்டு எழுதினான். கடைசியில், "வருத்தமுண்டு சேச்சி," என்றான்.

எட்டரை மணிக்கு அவள் கூடையோடு ஏழாம் நம்பர் மலையில் நின்றாள்.

அன்று சாயங்காலம் சுடலைமணி, சிலுவைராஜ், மாரீஸ்வரி, சந்தனமேரி நான்கு பேரும் பீரோவை மேல் வரிசைக்குத் தூக்கிப்போனார்கள். பாதி வழியில் இரண்டு முறை இறக்கி வைத்தார்கள். அதை ஒழுகாத மூலையில் வைத்தார்கள்.

எஸ்டேட் பதிவின்படி, பதிவு எண் 214-இன் பெரிய மாமியார் சுருளியம்மாள் 2025 ஜனவரி 27 அன்று காலமானார். ஏப்ரல் மாதம் போடியில் வெக்கை தாங்கவில்லை என்று சுருளியம்மாள் சின்னக்கானலுக்கு வந்து, ஆறு நாள் தங்கிவிட்டுப் போனாள். சிலுவைராஜ் பட்டியலில் முதல் இடத்தில் இருக்கிறான்.