உருக்காலைத் தெருக் காற்று

காற்றில் கலந்திருக்கும் தூசியை அளக்கும் கருவிகளை ஊரில் எங்கெங்கே வைப்பது என்று திட்டம் போடுவதுதான் சின்னவளின் உத்தியோகம். உருக்காலைத் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டபோது, நூலகத்து மொட்டைமாடியில் வைத்தால் பத்திரமாக இருக்குமே என்றார் மேலதிகாரி.

"மாடியில மூச்சு விடுறது காக்காதான் சார். மனுஷங்க மூக்கு உயரத்துல வேணும்."

அவர் சிரித்தார், ஒப்புக்கொண்டார். தெருவில்தான் இடம் கிடைக்கவில்லை. கருவியைப் பார்த்தால் வீட்டுக்குக் குடிவர ஆள் கிடைக்காது என்று ஒருவர் கையை விரித்தார். ஆலைக்காரர் பகை எதற்கு என்று இன்னொருவர் கதவைச் சாத்தினார். கடைசியில் அவளுடைய அக்காதான் தன் வீட்டுச் சுவரையும் கரண்டையும் கொடுத்தாள்.

அக்கா புருஷன் அதே தெருவில் தையல்கடை வைத்திருந்தவர். இப்போது நாலடி நடந்தால் இளைப்பு, கட்டிலே கதி. திருட்டு பீடி குடித்துக் கெட்டார் என்று தெருவே பேசியது. இல்லை என்று அவர் சொன்னதை டாக்டரும் நம்பவில்லை. வாழ்நாளில் பீடியைத் தொடாத மனுஷன்.

அவர் தலைமாட்டுச் சுவருக்கு வெளியே கருவி உர்ரென்று ஓடியது. கொழுந்தியாள் அழைத்து வந்த ஆள் என்பதால் அதற்குச் சகலை என்று பேர் வைத்தார். அவள் வரும்போதெல்லாம் சகலை என்ன சொல்கிறான் என்று கேட்பார். பரவாயில்லை என்று மழுப்புவாள். ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறைக்காதம்மா. என் நெஞ்சுக்குத் தெரியாததா?"

காற்றில் இவ்வளவு தூசி இருக்கலாம் என்று சட்டம் சொல்லும் அளவைப்போல நாலு மடங்கு என்று சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்போ என் தப்பு இல்ல," என்றார் பிறகு.

ஆனால் மழைக்காலம், பனிக்காலம் எல்லாம் பார்த்து ஒரு வருஷக் கணக்கு முழுசாகச் சேர்ந்தால்தான் ஆலைமேல் கைவைக்க முடியும். கணக்கில் ஓட்டை சொல்லி ஆலை தப்பிவிடக் கூடாதென்று திட்டத்தில் அப்படி எழுதியவளே அவள்தான். வருஷம் முடியுமுன் அவர் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்த உறவுக்காரர்கள், இந்த இரைச்சலையாவது நிறுத்தக்கூடாதா என்றார்கள். சின்னவளே எழுந்து சுவிட்சுப் பக்கம் போனாள். அக்கா விடவில்லை.

"ஓடட்டும்டி. இப்ப நிறுத்தினா அவர் பட்டதெல்லாம் வீணாப் போயிடும்."

கணக்கு முடிந்தது, வழக்கு நடந்தது, ஆலையை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். அலுவலகத்தில் அவளைப் பாராட்டினார்கள். அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனாள். ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல காத்துதான்டி வருது," என்றாள். "அவர்தான் இல்ல."

சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தாள்.