சொருகக் கூடாது

படங்களின் பெயர்கள் மாறியிருந்தன. ஒவ்வொரு பெயரின் முடிவிலும் அர்த்தமில்லாத சில எழுத்துகள். ரோகிணி ஒரு படத்தைத் திறந்து பார்த்தாள். திறக்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. திரையின் நடுவில் புதிதாக ஒரு கோப்பு. அதில் ஆங்கிலத்தில் சில வரிகள். எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், திறக்கப் பணம் வேண்டும்.

"பரணி, காலையில இந்தக் கம்ப்யூட்டர்ல என்ன பண்ணின?"

அவள் கணவன் பரணிதரன் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தான். "ஜாதக சாஃப்ட்வேர் போட்டேன். தங்கச்சிக்குப் பொருத்தம் பாக்க. விஜயதசமியாச்சே, இன்னைக்கே ஆரம்பிக்கலாம்னு."

"காசு குடுத்து வாங்கினியா?"

"ஆபீஸ்ல ஒருத்தர் லிங்க் அனுப்பினார்."

"ஆன்ட்டிவைரஸ் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லிச்சு. அத ஆஃப் பண்ணிட்டுத்தான் போடணும்னு அதுலயே எழுதியிருந்தது."

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் திரையைப் பார்த்தான். கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியது.

செங்கல்பட்டில் இருக்கும் ஷபானாவை அழைத்தாள். கல்லூரித் தோழி. ஒரு கம்பெனியில் இந்த மாதிரித் தொல்லைகளைச் சரிசெய்வதுதான் அவள் வேலை.

"முதல்ல நெட்டைப் புடுங்கு. அப்புறம் கம்ப்யூட்டரை நிறுத்து," என்றாள் ஷபானா. "வெளியில மாட்டுற ஹார்ட் டிஸ்க்கும் போயிருக்கும். காப்பி எடுத்ததும் கழட்டி வைன்னு எத்தனை தடவ சொன்னேன். நீ எப்பவும் அதுலயே சொருகி வெச்சிருப்ப."

ரோகிணி மேசைக்குப் பின்னால் பார்த்தாள். டிஸ்க்கின் கேபிள் தொங்கியது. முனையில் எதுவும் இல்லை.

நேற்று ஆயுத பூஜை. ஸ்பேனர், ஸ்குருடிரைவர், ஸ்கூட்டர் சாவியோடு பரணி டிஸ்க்கையும் கழற்றி சாமி அலமாரியில் வைத்தான். வேலை நடுவில் அதைத் தொடாதே என்று அவள் சண்டை போட்டாள். இதுவும் உன் ஆயுதம்தானே என்றான் அவன். இன்று காலை மற்றவற்றை எடுத்துவிட்டார்கள். டிஸ்க் மட்டும் அங்கேயே இருந்தது. சந்தனம், குங்குமம், மேலே ஒரு வாடிய சாமந்தி. ரோகிணி அதைப் போனில் சொன்னாள்.

"அப்படின்னா பொழச்சிருக்கலாம்," என்றாள் ஷபானா. "சொருகாத. சும்மா செக் பண்றேன்னு ஒரு தடவ சொருகினாலும் அதையும் தின்னுடும். நான் நல்ல லேப்டாப் எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் கைய கட்டிட்டு உக்காரு."

கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. ஆறு வருடமாக மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நின்று அவள் கரையைப் படம் எடுத்தாள். டேப் பிடித்து அளந்தாள். முதல் வருடப் படங்களில் இருந்த வீடுகள் இப்போது கடலுக்குள். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு அந்த மக்கள் அலைகிறார்கள். நாளை செங்கல்பட்டில் அதிகாரிகளோடு கூட்டம். கடல் எவ்வளவு தின்றது என்பதற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். இணையத்தில் ஒரு பிரதி ஏற்றி வைப்பதை அவள் மாதாமாதம் தள்ளிப்போட்டிருந்தாள்.

போன் அடித்தது. குப்பத்திலிருந்து தேசப்பன்.

"டீச்சரம்மா, நாளிக்கி காலீல வேன் சொல்லிகீறேன். படம்லாம் ரெடியா கீதா?"

"இருக்கு அண்ணா."

"எங்க வூட்டுப் படம் கீதா? செவுத்துல அம்மா பேரு எய்தி இருக்குமே, அது."

"இருக்கு."

"அத மொதல்ல காட்டு. என் மூஞ்சிய காட்டுனா எவனும் நம்ப மாட்டான்."

அவன் சிரித்தான். அவளும் சிரிப்பதுபோல ஏதோ செய்தாள்.

மதியம் யாரும் சாப்பிடவில்லை. அவள் டிஸ்க்கை எடுத்துத் துணியால் துடைத்தாள். கேபிள் போகும் துளையின் வாயில் சந்தனம் காய்ந்திருந்தது. ஊசியால் சுரண்டினாள். மஞ்சளாகத் தூள் கொட்டியது. உள்ளே எவ்வளவு போயிருக்கும்? அவன் கழற்றும்போதே டிஸ்க் பழுதாகியிருந்தால்?

ஷபானாவிடமிருந்து செய்தி வந்தது. திருக்கழுக்குன்றத்தில் கோயில் கூட்டம், பஸ் நகரவில்லை.

ரோகிணி எழுந்துபோய்க் கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டாள். கேபிளுக்காக மேசைக்குப் பின்னால் கைவிட்டாள். இல்லை.

"கேபிள் எங்க?"

"எடுத்து வெச்சிருக்கேன்," என்றான் பரணி.

"குடு."

"மாட்டேன்."

"பண்றதெல்லாம் பண்ணிட்டு இப்ப நீ எனக்குக் காவலா?"

"ஆமா."

"நெட் கூட இல்ல பரணி. இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு எடுத்துடறேன். ஒரே நிமிஷம்."

"காலையில நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டுப் போட்டுடலாம்னு."

அவள் தேடினாள். பீரோ, ஸ்கூட்டர் பெட்டி, அரிசி டப்பா. அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டாள். அவன் தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவளே போய் சுவிட்சை அணைத்தாள். டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கியபின் ஷபானா வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே டிஸ்க்கைப் பார்த்தாள். "பொட்டெல்லாம் வெச்சு பொண்ணு பாக்க ரெடி பண்ணியிருக்கீங்க." யாரும் சிரிக்கவில்லை. அவள் லேப்டாப்பைத் திறந்தாள். "கேபிள்?"

பரணி பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மதியம் முழுக்க அவன் உட்காராமல் இருந்ததை ரோகிணி அப்போதுதான் கவனித்தாள்.

ஷபானா சொருகினாள். டிஸ்க்கில் விளக்கு எரியவில்லை. எடுத்து ஊதினாள். மறுபடி சொருகினாள். எரியவில்லை. பல்குச்சி கேட்டாள். துளையின் மூலையிலிருந்து சந்தனச் சில்லு ஒன்று வந்து விழுந்தது. பரணி அதைக் குனிந்து பொறுக்கினான்.

மூன்றாம் முறை விளக்கு எரிந்தது.

ஷபானா ஒரு படத்தைத் திறந்தாள். மணல், ஒரு படகு, நீலச் சுவர். சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பில் ஜெகதாம்பாள் இல்லம். வாசலில் இன்னும் நிறைய மணல் இருந்தது.

"மத்ததும் திற," என்றாள் ரோகிணி.

"திறக்கறேன். முதல்ல காப்பி ஆகட்டும்."

ஆனது. விளக்கு சிமிட்டி நின்றதும் ரோகிணி தானே கேபிளைப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகும் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு தேசப்பனை அழைத்தாள்.

"அண்ணா, வேன் எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?"

"இன்னா டீச்சரம்மா, காலீல ஏழு மணிக்கு. படம்லாம் கீதான்னு கேட்டா கீது கீதுன்னு சொன்ன, டைம கேக்கவே இல்ல."