தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் பாலம்

சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று முதல் மனித குலம் பாலங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, பாலங்களே தங்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொள்ளும்... ஒலிபெருக்கியில் பேராசிரியர் பென்ட்சில் முழங்க, ஆற்றங்கரைப் பந்தலில் கணினிக்கு முன்னால் இருந்த அராபா குவான்சாவுக்குக் கொட்டாவி வந்தது, அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்ததே அவள்தான், மனித குலம் என்பது மட்டும் அவர் சேர்த்தது. காலையில் வர வேண்டிய துணை அமைச்சர் தலைநகர் அக்ராவிலிருந்து மதியம் வந்து சேர்ந்திருந்தார், மேடையேறுகிற ஒவ்வொருவரும் எல்லா மரியாதைகளும் செலுத்தப்பட்டதாகக் கொள்க என்று சொல்லிவிட்டு மறுபடி முதல் பெயரிலிருந்து செலுத்தத் தொடங்கினார்கள், பாலம் தன்னை உணர்கிறதாம், இந்தப் பேராசிரியருக்குத் தன் தொப்பை மேஜையைத் தள்ளிக்கொண்டு போவதே உணர்வில் இல்லை... விஷயம் என்ன, கரி இழை கலந்த கான்கிரீட், அவ்வளவுதான், எடை ஏறினால் அதற்குள் ஓடும் மின்சாரத்துக்குத் தடை மாறும், திரையில் எண் ஏறும், எடை இறங்கினால் எண் சுழிக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் உள்ளே எங்கோ விரிசல் விட்டிருக்கலாம் என்று அர்த்தம். வியாழக்கிழமை ஒத்திகையில் அது திரும்பவில்லை.

பதினொன்றில் நின்றது. பல்லக்குக்காரர்களும் முரசுக்காரர்களும் பாலத்தின் மேல் ஆடி முடித்து, கெங்கே உருண்டை தின்னப் போன பிறகும், வெயில் சாய்ந்த பிறகும், பதினொன்று. பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், என்னம்மா இது, அசிங்கமா நிக்குது, அமைச்சர் வர்ற நேரத்துல துடைச்சு விடு. ப்ரோஃப், அது அழுக்கில்ல. எல்லாம் அழுக்குதான், இல்லைன்னா வெயில் சூடு, சுழிக்குக் கொண்டு வா. பெரிய மனிதர் வருகிறார் என்றால் இந்த ஊரில் நடைபாதைக் கல்லுக்கு வெள்ளையடிப்பார்கள், மரத்துக்கு இடுப்புவரை வெள்ளையடிப்பார்கள், எண்ணுக்கு மட்டும் ஏன் கூடாது? மடையன், கோட்டு போட்ட மடையன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவள் சுழியாக்கும் பொத்தானை அழுத்தினாள், அடுத்த பால வேலை கிடைத்தால்தான் ஆய்வகம் நிலைக்கும், ஆய்வகம் நிலைத்தால்தான் அவள்... சரி, அழுத்தினாள்.

இதோ ஊர்த் தலைவர் நானா வருகிறார், பெரிய குடைகள் குதிக்க, பல்லக்கில் எழுந்து நின்று வாளைச் சுழற்றி ஆடுகிறார், சுமப்பவர்கள் முரசடிக்கு ஒரே காலாக ஆடுகிறார்கள், திரையில் எண் ஏறுகிறது, கூட்டம் கால்பந்து கோல் மாதிரி கூவுகிறது, மைக் பிடித்தவன் வேறு, பாத்தீங்களா, நானா காலடி பட்டதும் பாலமே எழுந்து நின்னு மரியாதை பண்ணுது என்கிறான்... முதுகெலும்பு இல்லாத பயல். கடைசிக் குடையும் அக்கரையில் இறங்கியது, எண் இறங்கியது, ஏழில் நின்றுகொண்டது. பேராசிரியர் சிரித்த முகம் மாறாமல் குனிந்தார். துடை. இது வெயில் இல்ல ப்ரோஃப், மேகமா கிடக்கு. அப்ப மேகம்னு வச்சுக்கோ, அடுத்து ஸ்கூல் பிள்ளைங்க நடக்கணும், கேமராக்காரன் காத்துக்கிட்டு நிக்கிறான், அம்மாடி, ஊரைப் பயங்காட்டாத. அழுத்தினாள். சுழி. கைதட்டல்... பதினொன்றின் மேல் ஏழு, அதன் மேல் ஒரு சுழி, இப்போது அந்தச் சுழி எதன் மேல் நிற்கிறது? ஈரமாக இருக்கலாம், தூண் கொஞ்சம் அமர்ந்திருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம், ஒரு நாள் மூடி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், மைக் கைக்கெட்டும் தூரத்தில்தான், நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை, சொன்னால் இந்தத் தொப்பையின் முகம் எப்படிப் போகும், பார்க்கவே ஆசையாக இருந்தது, கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

பிள்ளைகள் மஞ்சள் சட்டையில் இரண்டிரண்டாகக் கைகோத்து ஏறத் தொடங்கினார்கள். அராபா, அந்தக் கரைக்கு வா, பிள்ளைங்களோட ஒரு படம் என்று பேராசிரியர் கூப்பிட்டார், வருகிறேன் என்று எழுந்தாள், இவர்கள் எல்லாரையும்விடத் தனக்கு விவரம் தெரியும் என்ற நினைப்போடு நடந்தாள், சேற்றில் செருப்பு வழுக்கியபோதுதான் எங்கே இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்று பார்த்தாள், படகுத்துறை. வெள்ளிக்கிழமை படகேறியது காற்றுக்காக என்று சொல்லிக்கொண்டாள், நேற்று பேராசிரியர் பேச்சிலிருந்து தப்பிக்க, இன்று எதற்காக?

"மேடம், இன்னிக்குமா? மேல பாலம்தான் திறந்து கிடக்குதே" என்றான் படகுக்கார எபோ.

அவள் படகில் போனாள்.