அண்ணன் முடிக்காத வரி

எங்கள் வீட்டு வாசல் கதவு சும்மா தள்ளினால் திறக்காது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, அப்புறம் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். இத்தனைக்கும் அண்ணன் வெல்டர். எங்கள் தெருவில் பாதி வீட்டு கேட் அவன் பற்றவைத்ததுதான். சொந்த வீட்டுக் கீலுக்கு மட்டும் அவனுக்கு நேரமே வரவில்லை. "நாளைக்குப் பாக்கறேன்" என்பான். அந்த நாளை வருவதற்குள் அவனுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்துவிட்டது.

பட்டறை வேலையை விட்டுவிட்டுக் கிதாரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடப் போகிறேன் என்றான். அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "போ. இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்றாள். கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போனான். மூன்றாம் நாள் ஸ்கூட்டர் மட்டும் ஆற்றுப் பாலத்தில் நின்றது. போலீஸ் ஆற்றில் ஆளை இறக்கித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. வண்டியில் பெட்ரோல் ஒரு சொட்டுகூட இல்லை, அதனால்தான் விட்டுவிட்டு நடந்து போயிருக்கிறான் என்று நான் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் பாவம் என்று என்னைப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் காது கொடுக்கவில்லை. ஒன்பது மாதமாக அவன் போன் அணைந்தே கிடக்கிறது.

என் பேச்சை மறுக்காமல் கேட்ட இடம் ஒன்றுதான். நூலகத்தின் பின்னறை. வியாழக்கிழமை சாயங்காலம் அங்கே நாட்டுப்பாட்டுக் கூட்டம் நடக்கும். யாருக்கும் சம்பளம் கிடையாது. நாங்களே நாற்காலி போட்டு, நாங்களே கூட்டி, நாங்களே டீ போடுவோம். மைக் கிடையாது, ஒயர் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து, முறை வரும்போது அவரவர் பாட வேண்டியதுதான். நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயில் விரலை விடுகிற மனிதர், தன் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். பிடில் வாசிப்பார்.

புதிதாக வருகிறவரிடம் நாங்கள் பேர் கேட்க மாட்டோம். முதலில் பாட்டு, அப்புறம்தான் பேர், ஊர் எல்லாம். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் கொண்டுவந்த பாட்டு அவருடையது. மற்றவர்கள் கூடவே முனகலாம், எடுத்துப் பாடக் கூடாது. அவர் இறந்துபோனால் வட்டம் முழுக்கச் சேர்ந்து அதை ஒரு தரம் பாடும். அதற்குப் பிறகு அது எல்லோருக்கும் பொது.

அந்த வட்டத்தில் அண்ணன் பாடுவது அவனே கட்டிய பாட்டு. மூன்று கண்ணி. மூன்றாவதின் கடைசி வரிக்கு அவனுக்கு வார்த்தை அமையவே இல்லை. அங்கே "ம்ம்" என்று இழுத்துவிடுவான், வட்டமும் கூடவே இழுக்கும். "கடைசி ஜாயிண்ட்ட மட்டும் பத்தவைக்காம விட்டுட்டியேப்பா" என்று டாக்டர் கிண்டல் செய்வார்.

அவன் போன பிறகும் அவன் நாற்காலியை நான்தான் போட்டு வந்தேன். அவன் முறை வரும்போது எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள், பிறகு வட்டம் நகரும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அண்ணன் உயிரோடு இருந்தான். நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு வாரத்தையும் தள்ளினேன்.

போன வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதம்மா. எத்தன நாளைக்குத்தான் இப்படி? வர்ற வாரம் எல்லாரும் சேந்து பாடிடலாம்."

"அவன் செத்துட்டான்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"பாடிடச் சொல்லி உங்கம்மாதான் கேட்டாங்க."

வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "இருக்கானா இல்லையான்னு தெரியாம என்னால சோறு முழுங்க முடியலடி. ஒரு தரம் அழுது தீத்துக்கறேன். விட்டுடு" என்றாள். அவளை என்ன சொல்வது? நான் தோற்றுப்போனேன்.

இன்று அம்மா முதல் தடவையாக அந்த அறைக்கு வந்தாள். அண்ணனுடைய நாற்காலியில் உட்காரச் சொன்னோம், மாட்டேன் என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் ஒருவர் கிதார் பையோடு உள்ளே வந்தார். நரைத்த தாடி, தேய்ந்த செருப்பு. புதியவருக்குத்தான் முதல் முறை. டாக்டர் தலையை ஆட்டினார்.

அவர் பாடியது அண்ணனுடைய பாட்டு.

முதல் கண்ணியிலேயே அறை விறைத்துப்போனது. அம்மா முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இன்றைக்கு, அதுவும் அம்மா முன்னால். டாக்டர் பாவம், யாரையும் நடுவில் நிறுத்திப் பழக்கமில்லாதவர், எழுந்து அவரிடம் போய்ச் சேருவதற்குள் மூன்றாவது கண்ணி முடியப்போனது. டாக்டர் கிதார்க் கம்பிகள் மேல் கையை வைத்தார். வாய்ப்பாட்டு அதற்குப் பிறகும் ஒரு வரி ஓடித்தான் நின்றது.

"மன்னிக்கணும் சார். இது இங்க ஒருத்தரோட பாட்டு. மத்தவங்க பாடற வழக்கமில்ல."

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாமலா மூணு கண்ணியும் பாடினீங்க?" என்றேன் நான். "அடுத்தவன் பாட்ட எடுத்துப் பாட வெக்கமா இல்ல?"

"இல்லம்மா, இத எனக்கு..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். போங்க."

அவர் கிதாரைப் பைக்குள் வைத்து மூடிக்கொண்டு வெளியே போனார். பேர் கேட்கிற கட்டத்துக்கு அவர் வரவே இல்லை.

டாக்டர் பிடிலை எடுத்தார். வட்டம் எழுந்து நின்றது. நானும் நின்றேன். அண்ணனை நானே தூக்கிப் போடுவதுபோல் இருந்தது, ஆனாலும் பாடினேன்.

*ஊரெல்லாம் சுத்தி வந்தேன்*
*உள்ளங்கால் தேஞ்சு வந்தேன்*

அடுத்தது கடைசி வரி. எல்லோரும் "ம்ம்" என்று இழுத்தார்கள். என் வாய் மட்டும் இழுக்கவில்லை. அதில் வார்த்தை வந்தது.

*தூக்கித் தள்ளும் கதவு முன்னே தட்டாம நிக்கிறேனே*

வட்டம் நின்றுவிட்டது. டாக்டர் பிடிலை இறக்கினார். "இது ஏதும்மா?"

"அவர் பாடினார். நீங்க கம்பி மேல கை வச்சப்போ." சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கதவு எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. இந்த வரி அண்ணன் வீட்டைவிட்டுப் போகும்வரை இல்லை. போன பிறகுதான் அவன் இதை முடித்திருக்கிறான். முடித்து, அந்த மனிதருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

ஓடினேன். நான் இடித்து நாற்காலி ஒன்று விழுந்தது. படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது முனையில் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பின் ஜன்னலில் கிதார் பையின் கழுத்து தெரிந்தது. என்னவென்று கூப்பிடுவது? பேர் தெரியாது. வேறு வழி தெரியாமல் அந்த வரியையே தொண்டை கிழியப் பாடிக்கொண்டு பின்னால் ஓடினேன். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மைக் இல்லாமல் பாடுகிறோம் என்று எத்தனை பீற்றல் எங்களுக்கு. பஸ் தெரு திரும்பி மறைந்துவிட்டது.

திரும்பி வந்தேன். அம்மா நூலகப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நாளைக்கே தேடலாம்மா. அந்த பஸ் எங்கெங்க போகுதோ அங்கெல்லாம் போலாம்" என்றார். எந்த ஊர், யாரை, என்ன பேர் சொல்லி என்று நான் கேட்கவில்லை.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள் அம்மா.

பாட வரவில்லை. சொன்னேன்.

"அப்போ அவன் வந்திருக்கான். நாம உள்ளதான் இருந்திருக்கோம்" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாசப்படிய மிதிக்காதன்னு சொன்னேன்டி. மிதிக்காமலே நின்னுட்டுப் போயிருக்கான்."