நரம்பில்லாத நாக்கு

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். ஒரு பெண் விவாதத்தில் ஜெயித்த கதை சொல்கிறேன். ஜெயித்த கதைதானே என்று காலை நீட்டிவிடாதீர்கள், கடைசி வரைக்கும் கேளுங்கள்.

அவளை வீட்டில் சின்னவள் என்பார்கள். பல்கலைக்கழகத்தில் தத்துவம், இரண்டாம் வருடம். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், பேசுவதற்குப் படிக்கிறாள் என்பாள் அம்மா. அது பிறந்ததிலிருந்தே வருகிறதே, அதற்கு எதற்குப் படிப்பு என்பான் அண்ணன், வீட்டுக்குப் பெரியவன்.

அந்த வாரம் வகுப்பில் விவாதத்துக்குச் சீட்டு எடுத்தார்கள். எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் பேச வேண்டும். சின்னவள் பிரித்த சீட்டில், இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு நம்மைக் கட்டாது என்று எழுதியிருந்தது. பிரித்த சீட்டை மறுபடி மடித்துக்கொண்டாள். ஏனென்றால் அவர்கள் வீட்டில் அப்படி ஒரு வாக்கு, கூட ஓர் ஆள் மாதிரி குடியிருந்தது.

அப்பா உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தவர். ஒரு நாள் மொட்டைமாடிச் சுவரின் விளிம்பில் உரசி உரசியே கயிறு தேய்ந்து அறுந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டு, “கயித்துல மட்டும் தொங்காதடா” என்றார். “மாட்டேம்பா” என்றான் அவன். அப்பாவோடு போய் வேலை பழகியவன், அன்றிலிருந்து பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறான். அப்பாவின் இடுப்புப் பட்டையும் கொக்கிகளும் ஒரு பையில், அலமாரிக்கு மேலே கிடந்தன. பை கிழிந்த இடத்தை அம்மா எப்போதோ நீல நூலால் தைத்திருந்தாள். அப்பாவோடு வேலை பார்த்த மேஸ்திரி அவ்வப்போது போன் செய்வார். பல்கலைக்கழகக் கட்டடத்தில் கண்ணாடி துடைக்கிற வேலை வந்திருக்கிறது, ஆள் இல்லை என்பார். முடியாது என்று சொல்லிவிட்டுப் பெரியவன் நெடுநேரம் நகக்கண்ணில் ஒட்டிய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருப்பான்.

சீட்டை மாற்றிக் கேட்டிருக்கலாம். ஆனால் நம்பாததையும் நிலைநாட்டத் தெரிந்தவரே உண்மையான மாணவர் என்று பேராசிரியை சொல்லியிருந்தாரே. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அண்ணனை எதிரணியாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். பக்கத்தில் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் விளையாட்டாகத்தான் கேட்டான். பிறகு அவன் குரல் மாறியது.

“அப்போ அப்பாகிட்ட நான் சொன்னது?”

“வாக்குன்னா ஒருத்தருக்குக் கட்டுப்பட்டிருக்கறது. அந்த ஒருத்தரே இல்லன்னா, நீ யாருக்குண்ணா கட்டுப்பட்டிருக்க?”

“அவருக்கு வருத்தமா இருக்காதா?”

“வருத்தப்பட அவர் இருக்கணுமே.”

அம்மாவின் கத்தி நின்றது. “நரம்பில்லாத நாக்கு, எப்படி வேணா வளையும்” என்றாள். மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

பெரியவன் என்னென்னவோ கேட்டான், ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அப்பா அந்த வாக்கைத் தனக்காகவா வாங்கினார், உயிரோடு இருக்கிற நமக்காக அல்லவா வாங்கினார் என்று அவன் கேட்டிருந்தால், அவள் கட்டிய வாதம் சீட்டுக்கட்டு வீடாகச் சரிந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். கேட்டுவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சரிம்மா வக்கீலு, தோத்துட்டேன்” என்று சிரித்தான் அவன். தலைச்சுமையை இறக்கி வைத்தவன் சிரிப்பு அது. ஜெயித்த பூரிப்பில் சின்னவள் அதைக் கவனிக்கவில்லை.

விவாத நாள் காலையில் வாசலில் அண்ணன் செருப்பு இல்லை. கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. அலமாரி மேலேயும் ஏதோ வெறிச்சென்று இருப்பதுபோல் பட்டது. என்னவென்று பார்க்க நின்றால் பேருந்து போய்விடும்.

மூன்றாம் மாடி வகுப்பில் அவள் பேசப் பேச எதிரணிப் பெண் சொல்லுக்குத் தடுமாறினாள். அவளும் அந்த ஒன்றைக் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியை கை உயர்த்தி, “சீட்டு போகட்டும்மா. நீ என்ன நம்பறே?” என்றார்.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே மேலிருந்து ஒரு கயிறு விழுந்தது. ஆடியது. பிறகு விறைத்தது.

முதலில் இரண்டு செருப்புகள் இறங்கின. பிறகு நீல நூல் தையல் போட்ட பை. பிறகு அவன் முகம். தங்கையைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகக் கண்ணாடியைத் தட்டினான். வகுப்பு சிரித்தது.

“இறங்கிடுண்ணா. நான் சொன்னது தப்பு.”

கண்ணாடி அதை அவனிடம் கொண்டுபோகவில்லை. தன்னைப் பார்த்த சந்தோஷத்தில் ஏதோ சொல்கிறாள் என்று தலையாட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரைப் பூசினான். வெள்ளை நுரைக்குள் அவன் முகம் மறைந்தது. அவள் பெஞ்சுகளை இடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பக்கத்து ஜன்னலில் கன்னத்தை ஒட்டி மேலே பார்த்தாள். மொட்டைமாடிச் சுவரின் விளிம்பில் மடிந்து இறங்கியிருந்தது கயிறு. அவன் கை வீசித் துடைக்கும்போதெல்லாம், அதே இடத்தில், முன்னும் பின்னும் உரசிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. நேரமாகிறது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்ட கால்கள் எல்லாம் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து, உங்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றட்டும்.